ஓலை ஏடும் மின்மைத் தாளும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரை மணல் நிலத்தில் அமைந்தது களுவாஞ்சிக்குடி. அதன் அயலிலுள்ள செட்டிபாளையம், மகிழூர் முதலிய ஊர்களில் கண்ணகை அம்மன் கோயில்கள் உள. ஆண்டிற்கொருமுறை, வைகாசியில், கதவு திறந்து சடங்கு நடைபெறும். அந்நாட்களில் கண்ணகி வழக்குரை பாடப்படும். குளிர்த்தியோடு சடங்கு நிறைவெய்தும். கோவலன் கண்ணகி கதை கூறும் இந்த நெடும்பாடல் தலைமுறை தலைமுறையாக ஓலை ஏட்டிலேயே வாழ்ந்து வந்தது. 1968இல் பண்டிதர் வி. சீ. கந்தையாவின் பதிப்பு அச்சில் வெளிவந்தது. அதற்கு ஆறாண்டுகள் முன்னர், 1962இல், எஃப். எக்ஸ். சி. நடராசா மட்டக்களப்பு மான்மியத்தை ஏடுகளிலிருந்து எடுத்துப் பதிப்பித்திருந்தார்.

சிலப்பதிகாரத்தை உ. வே. சாமிநாதையர் அச்சேற்றியது 1892இல். அதே கண்ணகியைப் பற்றி மட்டக்களப்பு மக்கள் பாடிவந்த பாடலின் இப்பதிப்பு வெளிவர மேலும் 76 ஆண்டுகள் சென்றன. இதனைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. அச்சியந்திரமும் காகிதமும் பணமும் கல்லூரியும் எங்கே குவிந்திருந்தனவோ, அங்கேயுள்ள வாசகனுக்கே புதிய வாசிப்புக் கருவி முதலிற் கிட்டியது. வாவிக்கரை வாசகன் வரிசையின் கடையில் நின்றான். அவன் முறை வந்தபோது கருவி பிறரது தேவைக்கேற்ப ஏற்கெனவே வார்க்கப்பட்டிருந்தது. கிண்டில், கோபோ என்னும் வியாபாரப் பெயர்களால் இன்று அறியப்படும் மின்மை வாசிப்புக் கருவிகளின் வரலாறும், குறிப்பாக அவை விரலால் தொட்டு இயக்கும் திரையைப் பெற்ற வரலாறும், இதே கதையை வேறொரு பொருளில் மீண்டும் சொல்கிறது என்பது என் அபிப்பிராயம். அதனை விளங்கிக்கொள்ள முதலில் ஏட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

பனையோலையை வேகவைத்து, உலர்த்தி, மெருகிட்டு, எழுத்தாணியால் கீறினர் நம் முன்னோர். கீறிய எழுத்து அப்படியே கண்ணுக்குப் புலப்படாது. விளக்குக் கரியை எண்ணெயிற் குழைத்துத் தடவித் துடைத்தால், கீறலுக்குள் கரி தங்கி எழுத்துக் கறுக்கும். புள்ளியிடும்போது எழுத்தாணியின் கூர்முனை ஓலையைத் துளைத்துவிடக்கூடும். ஆகவே எழுதுவோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். விளைவு யாது? மெய்யெழுத்தும் அகரமேறிய உயிர்மெய்யும் ஒரே வடிவாயின. எகரக் குறிலும் ஏகார நெடிலும் ஒரே கொம்பைப் பகிர்ந்துகொண்டன. ஓலையைக் காப்பதற்காக எழுத்தின் தெளிவு விட்டுக்கொடுக்கப்பட்டது.

எந்த வாசிப்புக் கருவியிலும் இத்தகைய விட்டுக்கொடுப்பு உண்டு. அதன் விலையைச் செலுத்தியவர் யார் என்பதே வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய கேள்வி. ஓலையைப் பொறுத்தவரை விலை செலுத்தியவன் வாசகனே. யாப்பும் பொருளும் முன்னரே அறிந்தவனுக்கு ஏடு திறந்தது. எழுத்து மட்டும் அறிந்தவனுக்கு அது திறந்தும் மூடியே கிடந்தது. கல்வி ஒரு சிலரது சொத்தாக இருந்தமைக்குச் சாதியும் நிலவுடைமையும் முதற்காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த வேலிக்குப் புள்ளியில்லா ஏடும் ஒரு கம்பு நட்டது.

பின்னர் வந்த கருவிகளும் எழுத்தைத் தம் வசதிக்கேற்ப வளைத்தன. நெடிலுக்கு வேறு கொம்பு தந்த திருத்தம் வீரமாமுனிவர் (1680–1747) பெயரோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. 1935இல் பெரியார் தமது குடிஅரசில் கையாளத் தொடங்கிய சீர்திருத்த எழுத்துக்கும் அச்சுக்கூடத்து ஈய எழுத்துப் பெட்டிக்கும் உள்ள தொடர்பு யாவரும் அறிந்ததே. யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியை வகுத்தபோது, ரோமன் எழுத்துக்காக அமைந்த சில பத்து விசைகளுக்குள் 247 எழுத்துகளை அடக்கும் பாடு அவருக்கு நேர்ந்தது. இவற்றை இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. கருவி ஒரு மொழிக்காகப் பிறந்து மற்றொரு மொழியின் வீட்டில் வாழ வரும்போது, வளைந்து கொடுப்பது பெரும்பாலும் வீட்டுக்காரனே என்பதைக் குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

1970களில் அமெரிக்காவின் செரொக்ஸ் ஆய்வுகூடத்தில் நிக் ஷெரிடன் என்பவர் மின்தாளுக்கான முதல் முயற்சியைச் செய்தார். 1990களில் மசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் ஜேக்கப்சனும் அவருடைய மாணவர்களான பரெட் கொமிஸ்கி, ஜே. டி. அல்பர்ட் ஆகிய இருவரும் வேறு வழியில் அதனைச் சாதித்தனர். 1997இல் ஈ இங்க் கொம்பனி தோன்றியது. 1998இல் நேச்சர் சஞ்சிகையில் ஆய்வு வெளியாயிற்று. சந்தைக்கு வந்த வடிவில் அதன் தத்துவம் எளியது. தலைமயிரின் தடிப்பளவே கொண்ட எண்ணற்ற குமிழிகள். ஒவ்வொன்றினுள்ளும் தெளிந்த திரவம். அதில் வெண்துகள்களும் கருந்துகள்களும். இரண்டும் எதிரெதிர் மின்னேற்றம் உடையவை. அடியிலிருந்து மின்னழுத்தம் கொடுத்தால் ஒருநிறத் துகள் மேலெழும், மற்றது கீழிறங்கும். மின்சாரத்தை நிறுத்தினாலும் துகள் நின்ற இடத்திலேயே நிற்கும். பக்கம் மாறும்போது மாத்திரமே மின்சாரம் செலவாகும். கணினித் திரையும் கைத்தொலைபேசியும் தாமே ஒளியை உமிழ்வன. இதுவோ காகிதம் போல வெளியொளியைத் திருப்பி அனுப்புவது.

இதன் சிறப்பை அறைக்குள் உணர முடியாது. குருமண்வெளித் துறையில் மண்டூருக்குச் செல்லும் பாதைக்காகக் காத்திருந்த ஒரு நண்பகலில், இரவல் கருவியொன்றை நான் விரித்துப் பார்த்ததுண்டு. வாவி நீரும் வெண்மணலும் கண்ணைக் கூசவைத்தன. அருகில் நின்ற இளைஞர் தம் கைத்தொலைபேசியை உள்ளங்கையால் மறைத்து மறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்மைத் திரையின் எழுத்தோ வெயில் ஏற ஏறத் தெளிந்தது. அடிக்கடி மின்வெட்டைக் கண்ட நாட்டில், ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் தாங்கும் கருவியின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. அடிப்படைத் தத்துவத்தை மட்டும் நோக்கினால் வெப்பவலய நாட்டு ஏழை மாணவனுக்கென்றே இதனைக் கண்டுபிடித்தார்களோ என்று தோன்றும். அவ்வாறு கண்டுபிடிக்கப்படவில்லை என்பதே பின்கதை.

2004இல் ஜப்பானில் சோனி வெளியிட்ட லிப்ரியே என்ற கருவியே இம்மையைக் கொண்டு சந்தைக்கு வந்த முதலாவது வாசிப்புக் கருவி. 2007 நவம்பரில் அமெசன் கொம்பனியின் கிண்டில் 399 டொலர் விலையில் வந்தது. இரண்டிலும் பொத்தான்களே இருந்தன. கிண்டிலின் கீழ்ப்பகுதி முழுவதையும் ஆங்கில எழுத்துப் பொறித்த விசைகள் அடைத்துக்கொண்டன. நாவலை முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்போனுக்குப் பொத்தானே போதும். ஆனால் ஆசிரியரும் மாணவரும் அப்படி வாசிப்பதில்லை. முன்பக்கம் திரும்புவர், அடிக்கோடிடுவர், சொல்லுக்குப் பொருள் தேடுவர். ஓரிடத்தில் விரலை வைத்துக்கொண்டு வேறிடம் பார்க்கும் பழக்கம் ஏடு வாசித்த காலத்திலேயே உள்ளது. அத்தகைய வாசகனுக்குத் தொடுதிரை தேவைப்பட்டது.

அதனை எப்படிப் பொருத்துவது? 2008இல் சோனியின் பி.ஆர்.எஸ். 700 என்ற கருவி ஒரு வழியைத் தேர்ந்தது. திரையின்மேல் மின்கடத்தும் கண்ணாடித்தன்மையான இரு படலங்களை விரித்தனர். விரலால் அழுத்தினால் அவை ஒன்றையொன்று தொடும். தொட்ட இடம் அறியப்படும். ஒளி உமிழும் திரைக்கு இம்முறையால் நட்டம் அதிகமில்லை. ஒளியைத் திருப்பி அனுப்பும் திரைக்கோ நட்டம் இரட்டிப்பு. ஏனெனில் வெளியொளி உள்ளே செல்லும்போது ஒருமுறையும் எழுத்தைத் தொட்டுத் திரும்பும்போது மறுமுறையும் அப்படலத்தைக் கடக்க வேண்டும். ஒருமுறை கடக்கையில் நூற்றுக்கு 85 பங்கு தப்புவதாக வைத்துக்கொண்டால், இருமுறை கடந்தபின் எஞ்சுவது 72 பங்கே. மின்மைத் திரை தன்னில் விழும் ஒளியில் ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கையே திருப்பித் தருவது. காகிதத்தைவிட அது ஏற்கெனவே மங்கல். அதிலும் ஒரு பங்கைப் படலம் விழுங்கிற்று. போதாக்குறைக்குப் பளபளத்து முகத்தை எதிரொளித்தது. எழுத்து மங்கிவிட்டதென்று வாங்கியோர் குறைகூறினர். விரலுக்கு இடங்கொடுக்க எழுத்தை விட்டுக்கொடுத்தாயிற்று. ஓலைக்காகப் புள்ளியைக் கைவிட்ட கதையே இது.

2009இல் வந்த நூக் என்னும் கருவி மேலே மின்மைத் திரையும் கீழே தொட்டு இயக்கும் சிறிய வண்ணத் திரையுமாகத் தன்னை இரண்டாகப் பிளந்துகொண்டது. அது நிலைக்கவில்லை. 2010இல் சோனி கைக்கொண்ட வழி உண்மையிலேயே புத்திசாலித்தனமானது. திரையின்மேல் ஒன்றையும் விரிக்கவில்லை. சுற்றுச் சட்டத்தின் இரு ஓரங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் எதிரோரங்களை நோக்கி, திரைக்குச் சற்று மேலே, குறுக்கும் நெடுக்குமாகப் பாயும். விரல் எந்தக் கதிர்களை மறிக்கிறதோ அதைக்கொண்டு இடம் கணிக்கப்படும். எழுத்தின் தெளிவு சிறிதும் குறையவில்லை. 2011இல் நூக், கோபோ, கிண்டில் மூன்றும் இதே முறைக்கு வந்தன. இங்கும் ஒரு விலை இருந்தது. கதிர் பாய்வதற்காகச் சட்டம் திரையைவிட உயர்ந்து நிற்க வேண்டும். அந்த ஓரக்குழியில் தூசி தங்கும். குளிரூட்டிய அறையில் இது ஒரு பொருட்டன்று. கடற்கரை மணலில் பொருட்டு. நான் கையாண்ட இரவல் கருவியில் மூலையிற் சிக்கிய ஒரு மணற்பரல் இடைவிடாத விரலாகி, நான் கேளாமலே பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தது; தும்பு ஒன்றினால் அதைத் தோண்டியெடுத்த பின்னரே கருவி எனக்குக் கீழ்ப்படிந்தது. மழைத்துளி விழுந்தாலும் அது தன்னை விரலென்றே சொல்லிக்கொள்ளும்.

2012இல் கிண்டில் பேப்பர்வைட், விரலின் மின்தன்மையை உணரும் படலத்துக்கு மாறியது. கூடவே முன்னொளியும் சேர்ந்தது. மின்மைத் திரை ஒளியைத் தன்னூடே விடாதாகையால் பின்னாலிருந்து விளக்கேற்ற இயலாது. மேலே ஒரு மெல்லிய ஒளிப்படலத்தைப் போர்த்து, ஓரத்திலிருந்து ஒளியைப் பரப்ப வேண்டும். மறுபடியும் எழுத்துக்கும் கண்ணுக்கும் இடையே படலங்கள் வந்தன. ஆனால் இம்முறை அவை மெலிந்தவை, திரையும் மேம்பட்டது. இரவில் விளக்கின்றி வாசிக்க முடிந்தது. இது மெய்யான முன்னேற்றம். அதனை மறுப்பது நேர்மையாகாது.

பொத்தான்களுக்கு நேர்ந்த கதி வேறு. 2011இல் 79 டொலருக்கு, திரையில் விளம்பரம் காட்டும் நிபந்தனையோடு, விற்கப்பட்ட மலிவான கிண்டிலில் இரு பக்கங்களிலும் பக்கம் புரட்டும் பொத்தான்கள் இருந்தன. ஈரக்கை, வியர்த்த விரல், நடுங்கும் முதிய கை யாவற்றுக்கும் அவை பணிந்தன. 2014இல் மலிவுக் கருவியும் தொடுதிரையாகிப் பொத்தான்களை இழந்தது. 2016இல் ஒயாசிஸ் என்ற பெயரில் பொத்தான் மீண்டது. விலை ஏறத்தாழ 290 டொலர். ஐந்தாண்டுகளுக்கு முன் எளியவன் கையிலிருந்த ஒன்று செல்வந்தனின் அலங்காரமாக உயர்த்தப்பட்டது. 2024இல் அந்த ஒயாசிஸும் கைவிடப்பட்டது. இதில் பௌதிக விதி எதுவும் இல்லை. சந்தையின் கணக்கு மட்டுமே உண்டு. தொழில்நுட்பம் நிர்ப்பந்தித்த விட்டுக்கொடுப்பு எது, இலாபம் நிர்ப்பந்தித்தது எது என்று பிரித்தறிவது அவசியம். விளம்பரக்காரன் இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறான்.

இனித் தமிழுக்கு வருவோம். தொடுதிரை தமிழ் வாசகனுக்கு ஒரு பெரிய கதவைத் திறந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2007ஆம் ஆண்டுக் கருவியின் நெற்றியில் ஆங்கில எழுத்து நிரந்தரமாகப் பொறிக்கப்பட்டிருந்தது. அதில் வேறொரு மொழி குடியேற இடமில்லை. முத்தையா சந்தித்த அதே சுவர். தொடுதிரையிலோ விசைப்பலகை என்பது வெறும் படம். இன்று ஆங்கிலம், நாளை தமிழ், மறுநாள் சிங்களம். பொருளின் தடை நீங்கிற்று. ஆனால் பொருளின் தடை நீங்கிய கணத்திலேயே உரிமையாளனின் விருப்பம் முழுத் தடையாக எஞ்சி நின்றது. தமிழ் எழுத்துரு ஒன்றைச் சேர்க்க ஒரு சதத்துக்கும் இரும்போ கண்ணாடியோ தேவையில்லை. எனினும் கிண்டிலின் கடை தமிழ் உட்பட இந்திய மொழிகள் சிலவற்றுக்குத் திறந்தது 2016 டிசம்பரில்தான், அதுவும் இந்தியச் சந்தைக்காக. முதற் கிண்டில் வந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

இடைக்காலத்தில் நிகழ்ந்ததைப் பதிவு செய்வது நம் கடமை. யூனிக்கோட் முறையில் 1991 முதலே தமிழுக்கு இடமுண்டு. அதில் ககர எழுத்தை முதலிலும் கொம்பைப் பின்னரும் சேமிப்பர். காட்டும்போது கருவி கொம்பை முன்னே நகர்த்த வேண்டும். ‘கொ’ என்பதற்குக் கொம்பை முன்னும் காலைப் பின்னும் பிரித்து வைக்க வேண்டும். ரோமன் எழுத்துக்கு இத்தொல்லை இல்லை. ஆகவே ஆரம்பகாலக் கருவிகளைச் செய்தோர் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. தமிழ் நூலைத் திறந்தால் பல கருவிகளில் வெற்றுக் கட்டங்களே வரிசையாக நின்றன. எழுத்துத் தோன்றிய இடங்களிலும் கொம்பு இடம் தவறி நின்றது. ஏட்டில் குறிலையும் நெடிலையும் மயங்க வைத்த அதே கொம்பு!

இதற்கு மாற்றுத் தேடியவர்கள் கொம்பனிக்காரர் அல்லர். 1998 தைப்பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் தட்டெழுதி இலவசமாக வழங்கிவந்தது. 2013இல் த. சீனிவாசனும் நண்பர்களும் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் முயற்சி, தமிழறியாத கருவியை ஒரு தந்திரத்தால் தமிழ் பேச வைத்தது. ஆறங்குலத் திரையின் அளவுக்கே பக்கங்களை அமைத்து, எழுத்துருவையும் உள்ளே பதித்து, பீ.டி.எஃப். கோப்புகளாக வெளியிட்டது. கருவிக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. படத்தைக் காட்டுவது போலக் காட்டினால் போதும். கொம்பு தன் இடத்தில் நின்றது. இதற்கும் ஒரு விலை: அவ்வாறு உறைந்த பக்கத்தில் எழுத்தைப் பெரிதாக்க முடியாது. கண் மங்கிய முதியவருக்கு மின்மைக் கருவி தரும் மிகப் பெரிய உபகாரம் எழுத்தைப் பெருப்பிக்கும் வசதியே. தமிழ் முதியவர் அதனை இழந்தார். ஆங்கில வாசகன் ஒன்றையும் இழக்கவில்லை.

இலங்கையில் 2005இல் தோன்றிய நூலகம் முயற்சி, ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் ஒளிவருடி எண்ணிம வடிவில் காத்துவருகிறது. ஓலைச்சுவடிகளும் அதில் அடங்கும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதையும், 1978 நவம்பர்ச் சூறாவளியையும், 2004 டிசம்பர் 26இல் இக்கரையைத் தாக்கிய ஆழிப்பேரலையையும் கண்ட சமூகத்துக்கு அதன் பெறுமதியை எடுத்துரைக்க வேண்டுமா? ஆனால் ஒளிவருடிய பக்கம் என்பது எழுத்தல்ல, எழுத்தின் படம். களுவாஞ்சிக்குடியிலுள்ள ஓர் ஆசிரியர் பழைய சஞ்சிகையொன்றைத் தரவிறக்கி ஆறங்குலத் திரையில் திறக்கிறார் என்று கொள்வோம். பெரிய தாளில் அச்சான பக்கம் சிறு திரைக்குள் எறும்புக் கூட்டமாகச் சுருங்கும். இரு விரல்களால் விரித்துப் பெரிதாக்க வேண்டும். கைத்தொலைபேசியில் விரலோடு படமும் உடனே விரியும். மின்மையில் துகள்கள் திரவத்தினூடே நீந்திச் செல்ல வேண்டுமாகையால் திரை தயங்கும், கறுத்து வெளுக்கும், முன்பக்கத்தின் நிழல் மெலிதாய்ப் பின்தங்கும். விரல் எதிர்பார்க்கும் வேகம் வேறு, மைக்கு இயல்பான வேகம் வேறு. தொடுதிரையையும் மின்மையையும் மணமுடித்து வைத்த நாள்முதல் தீராத பூசல் இது. தட்டெழுதிய மூலத்தையே நுகரும் வாசகனுக்கு அது அற்பம். அழிவிலிருந்து மீட்ட படங்களையே நூலாகக் கொண்ட மக்களுக்கு அது ஒவ்வொரு வரியிலும் இடறும் கல்.

உடைமை பற்றிய கேள்வி எஞ்சியிருக்கிறது. 2004ஆம் ஆண்டு லிப்ரியேயில் வாடகைக்குப் பெற்ற நூல் 60 நாட்களில் தானே மூடிக்கொண்டது. 2009 யூலையில் அமெசன், உரிமைத் தகராறு ஒன்றின் காரணமாக, ஜோர்ஜ் ஓர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நூல்களைப் பணம் கொடுத்து வாங்கியோரின் கருவிகளிலிருந்து, அவர்கள் அறியாமலே தொலைவிலிருந்து அழித்தது. பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. கொம்பனித் தலைவர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்புக் கேட்டார். அமெரிக்கப் பாடசாலை மாணவன் ஒருவன் அந்நூலில் எழுதியிருந்த குறிப்புகள் எந்தப் பக்கத்துக்குரியவை என்று தெரியாமல் அநாதைகளாயின. அவன் வழக்குத் தொடுத்தான். 2025 பெப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியே கருவிக்கு மாற்றும் வசதியையும் அமெசன் நிறுத்தியது. ஏடு வைத்திருந்த குடும்பம் அதை மறைக்கலாம், கொடுக்க மறுக்கலாம். எழுதியவன் வந்து எழுத்தை உறிஞ்சிக்கொண்டு போக முடியாது. மறுபுறம், எல்லாம் அடைபட்டதென்று கூறுவதும் பிழை. தம் கருவிகளைத் திறந்து பழுதுபார்ப்பதற்கான உதிரிப்பாகங்களும் வழிகாட்டல்களும் கிடைக்க 2024இல் கோபோ ஏற்பாடு செய்தது. இலவசத் தமிழ் நூல்கள் இன்றும் எந்தக் கொம்பனியையும் கேளாமல் கருவிக்குக் கருவி செல்லுகின்றன. கடையிற் புதுக் கருவி வாங்க வசதியற்ற மாணவர், வெளிநாட்டு உறவினர் கழித்த பழைய கருவியில் அவற்றை ஏற்றி வாசிக்கலாம்.

ஒளிவருடிய ஓலைச்சுவடி ஒன்றை அந்த இரவல் கருவியில் நான் திறந்து பார்த்தேன். ஓரடிக்கு மேல் நீளமும் இரு விரல் அகலமும் கொண்ட ஏடு. கருவியைப் படுக்கையாகத் திருப்பியும் முழுவதும் அடங்கவில்லை. ஓலையின் பழுப்பு நிறம் மின்மையில் சாம்பலாகி, எழுத்தும் சாம்பலாகி, இரண்டும் ஒன்றோடொன்று கலந்தன. கரி தடவிய கீறல்கள் இருந்த இடத்தில் மட்டும் எழுத்துப் பிடிபட்டது. விரித்துப் பெரிதாக்கினேன், திரை ஒருமுறை கறுத்தது. மீண்டும் தெளிந்தபோது ஒரு கொம்பும் அதனருகே ஒரு ககரமும் நின்றன. குறிலா நெடிலா என்று சொல்ல அங்கே புள்ளி இல்லை. பக்கத்திலிருந்த முதியவர் ஒருவர், வழக்குரையை இளமையிலேயே கேட்டுப் பழகியவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையை உற்றுப் பார்க்கவேயில்லை. நான் தடுமாறிப் படித்த முற்சொல்லைக் காதில் வாங்கி, அடுத்த சொல்லைத் தாமே பாடினார்.